வன்னிப் பாடசாலைகளும் ஊரும்: மாணவர் தொண்டின் கொடுக்கல் வாங்கல்

வன்னியில் பாடசாலையும் ஊரும் ஒன்றையொன்று விட்டுத் தனியே நின்ற காலம் மிகக் குறைவு. காடு வெட்டிக் குடியேறிய இடங்களில் கோயிலுக்கும் குளத்துக்கும் அடுத்து எழுந்தது பெரும்பாலும் ஒரு கொட்டில் பள்ளிக்கூடம். அதன் கப்பும் வளையும் கிடுகும் ஊரவர் கொண்டுவந்து போட்டவை. 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் பிள்ளைகள் மரநிழலிலும் தறப்பாளின் கீழும் இருந்து படித்தார்கள். அந்த ஆண்டுகளில் ஆசிரியர் பற்றாக்குறையை நிரப்பியவர்களில் பலர், தாங்களே அண்மையில் உயர்தரம் எழுதிவிட்டு வந்து தொண்டர் ஆசிரியராகக் கரும்பலகை முன் நின்ற இளைஞர்களும் யுவதிகளும் ஆவர். 2009 மே மாதத்தில் போர் முடிந்து, மக்கள் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டு, பின்னர் கட்டங்கட்டமாக மீளக்குடியேறியபோதும், பல ஊர்களில் வீட்டுக்குக் கூரை போடும் முன்னரே பாடசாலையின் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

இந்தப் பின்னணியை முதலில் நினைவில் நிறுத்துவது அவசியம். மாணவர் தொண்டு, பாடசாலை–சமூகப் பங்காளித்துவம் என்று இன்று பயிற்சிப் பட்டறைகளில் பேசப்படுபவை வன்னிக்குப் புதியவை அல்ல. அவற்றுக்கு இங்கே ஆழமான வேர் உண்டு. புதிதாகத் தேவைப்படுவது ஒழுங்கும் திட்டமும், இரு தரப்பும் எதைக் கொடுக்கின்றன, எதைப் பெறுகின்றன என்ற தெளிவுமே.

இலங்கையின் கல்வி வரலாற்றிலும் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1958 டிசெம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவரையும் சக ஆசிரியரையும் கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று நடத்திய சிரமதான முகாமிலிருந்துதான் சர்வோதய இயக்கம் வளர்ந்தது. அந்த முகாமின் சிறப்பு, நகரத்துப் பிள்ளைகள் கிணறு வெட்டினார்கள், பாதை போட்டார்கள் என்பதில் மட்டும் இல்லை. அவர்கள் அந்த மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அதுவரை தாங்கள் எட்டி நின்று பார்த்திருந்த ஒரு வாழ்க்கையை அருகிலிருந்து அறிந்துகொண்டார்கள். சிரமதானம் என்ற சொல் இன்று வன்னியின் எந்த ஊரிலும் விளக்கம் இல்லாமலே புரியும். ஆனால் கத்தியும் மண்வெட்டியும் தூக்குவதோடு அது முடிந்துபோவதுதான் வழமையாகிவிட்டது.

மாணவருக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஓரளவு தெளிவான விடையைத் தருகின்றன. தொண்டையும் பாடத்தையும் இணைத்து நடத்தப்பட்ட திட்டங்கள் குறித்த 62 ஆய்வுகளை, அவற்றில் இடம்பெற்ற 11,837 மாணவரின் தரவுகளோடு ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வு ஒன்று 2011இல் வெளியானது. தம்மைப் பற்றிய மதிப்பு, பாடசாலை மீதான ஈடுபாடு, சமூகப் பொறுப்பு, பிறரோடு பழகும் திறன், கல்வி அடைவு ஆகிய ஐந்திலும் முன்னேற்றம் காணப்பட்டது. அவற்றுள் கல்வி அடைவிலேயே முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. 'தொண்டு, தொண்டு என்று அலைந்தால் படிப்புக் கெட்டுவிடும்' என்று அஞ்சும் பெற்றோர் அறிந்திருக்கவேண்டிய முடிவு இது. அதே பகுப்பாய்வு இன்னொன்றையும் காட்டியது: பாடத்திட்டத்தோடு இணைப்பு, மாணவரின் கருத்துக்கு இடம், ஊரவரின் பங்கேற்பு, செய்ததைப் பற்றி இருந்து சிந்தித்துப் பேசும் வாய்ப்பு ஆகியவை அமைந்த திட்டங்களிலேயே பயன் கூடுதலாகக் கிடைத்தது.

உடல்நலத்திலும் பயன் இருப்பதாகச் சொல்லும் ஆய்வு உண்டு. மேற்குக் கனடாவில் பத்தாம் வகுப்பு மாணவர் 106 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 10 வாரங்கள் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளோடு தொண்டில் ஈடுபடுத்தி ஒப்பிட்டபோது, தொண்டு செய்தவர்களின் இரத்தத்தில் கொழுப்பின் அளவும் அழற்சியின் அறிகுறிகளும் குறைந்திருந்தமை 2013இல் பதிவாகியது. பிறர் மீதான பரிவு அதிகம் வளர்ந்தவர்களிடமே இம்மாற்றமும் அதிகம் காணப்பட்டது. ஒரு சிறிய ஆய்வைக் கொண்டு பெரிய முடிவுக்கு வரக்கூடாது. எனினும், கொடுப்பவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

வன்னிப் பிள்ளைக்கு இவற்றுக்கு மேலாக ஒரு பயன் உண்டு என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம். இன்று சாதாரண தர, உயர்தர வகுப்புகளில் இருப்பவர்களிற் பெரும்பாலோர் போர் முடியும் தறுவாயிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள். நிவாரண அட்டையும் உலர் உணவும் தறப்பாளும் நிறுவனங்களின் பதிவுப் படிவங்களும் அவர்களுடைய வீட்டுக் கதைகளின் பகுதியாகவே இருக்கின்றன. புத்தகப் பையும் சப்பாத்தும் சைக்கிளும் வெளியிலிருந்து யாரோ தர, வரிசையில் நின்று வாங்கிப் படமெடுத்துக்கொண்ட அனுபவம் பலருக்கு உண்டு. அந்த உதவிகள் அவசியமாகத்தான் இருந்தன. தந்தவர்களுக்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆனால் பெறுபவராகவே வளரும் பிள்ளைக்கு, தன்னிடம் பிறருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்ற எண்ணம் மெல்ல மெல்ல ஊறிவிடக்கூடும். தன் ஊரில் ஒரு முதியவருக்கோ ஒரு சிறு பிள்ளைக்கோ தன்னால் ஆகும் காரியம் ஒன்று இருக்கிறது என்றும், நாளை தான் போகாவிட்டால் அங்கே ஒருவர் காத்திருப்பார் என்றும் அறியும்போது, அந்தப் பிள்ளை நிமிர்ந்து நிற்கிறது. எந்த நிவாரணமும் தர முடியாத நிமிர்வு அது.

ஊர் தரக்கூடியது எவ்வளவு என்பதைப் பெரும்பாலான பாடசாலைகள் இன்னும் கணக்கிலெடுக்கவில்லை. வன்னியில் இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் குளம்தான். மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கு முன்னர் வாய்க்கால் துப்புரவு செய்வது கமக்காரர் அமைப்புகளின் வழமையான வேலை. அதில் தரம் 10, 11 மாணவர் ஒரு காலைப்பொழுது கூடமாட நின்று உதவுவது ஊருக்குக் கிடைக்கும் சிறு உதவி மட்டுமே. உண்மையில் அதிகம் பெறுவது மாணவர்தான். குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் எந்தப் பக்கத்து வயல் முதலில் மூழ்கும், குளத்து நீரைத் திறந்துவிடும் துருசை எத்தனை அங்குலம் திறந்தால் கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டும், குளக்கட்டில் கறையான் புற்றும் மரவேரும் ஏன் ஆபத்தானவை என்பவற்றை எந்தப் பாடநூலும் சொல்லாத நுணுக்கத்தோடு சொல்லக்கூடிய மூத்த கமக்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள்.

அந்த அறிவோடு வகுப்பறைக் கணிதம் சேரும்போது இரு தரப்புக்கும் பயன்படும் ஒன்று பிறக்கிறது. நேராக ஓடும் வாய்க்காலில் 10 மீற்றர் நீளத்தை அளந்து இரு முனையிலும் தடி நட்டு, காய்ந்த பொச்சுத் துண்டொன்றை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 25 செக்கனில் கடந்தால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். வாய்க்கால் 1 மீற்றர் அகலமும் 0.3 மீற்றர் ஆழமும் உடையதென்றால், வேகம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி வரும் தொகையை 0.85 ஆல் மீண்டும் பெருக்க வேண்டும். அடியிலும் கரையிலும் நீர் மெதுவாக ஓடுவதால் இந்தத் திருத்தம் தேவைப்படுகிறது. அவ்வாறு பார்த்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 0.1 கனமீற்றர், அதாவது 100 லீற்றர் நீர் ஓடுகிறது. இடையில் வயல்களுக்கு நீர் எடுக்கப்படாத நேரத்தில் இதே அளவீட்டை வாய்க்காலின் தலைப்பிலும் கடைசியிலும் செய்தால் இடையில் கசிந்து போவது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்தில், இரணைமடு போன்ற பெரிய குளத்தின் கீழும் எல்லா வயலுக்கும் நீர் கொடுக்க முடியாமல் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பங்கு பிரிக்கப்படும் காலத்தில், இத்தகைய கணக்கு கமக்காரருக்கு வீண்போகாது. மாணவருக்கோ அது பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குரிய செயற்றிட்டமாக அமைந்துவிடுகிறது.

கரையோர ஊர்களில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களோடும், நெசவும் பனையோலை வேலையும் உள்ள இடங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களோடும் இவ்வாறே இணையலாம்.

ஊருக்குக் கிடைக்கும் பயன்களுள் முதன்மையானது முதியோர் தொடர்பானது. வன்னியில் தனித்து வாழும் முதியவர்கள் பலர். போரில் பிள்ளைகளை இழந்தவர்கள், பிள்ளைகள் புலம்பெயர்ந்து போய்விட்டவர்கள், பேரப்பிள்ளைகளைத் தாமே வளர்ப்பவர்கள் என அவர்களிற் பலவகையினர் உண்டு. கண் மங்கிய ஒரு அம்மம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த திகதி எது என்று வாசித்துச் சொல்வது, காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் வெவ்வேறு டப்பாவில் பிரித்து வைப்பது, அஸ்வெசும போன்ற உதவித் திட்டங்களுக்கான படிவத்தைத் திருத்தமாக நிரப்பிக் கொடுப்பது, கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்தைப் பாடசாலையில் இரண்டாம் மொழியாகக் கற்ற அறிவைக்கொண்டு ஆசிரியரின் துணையோடு விளங்கிச் சொல்வது ஆகியவை பதினைந்து வயதுப் பிள்ளையால் ஆகக்கூடியவை. கூலிக்கு ஆள் வைத்துச் செய்விக்க முடியாதவையும் அவைதாம். பதிலுக்கு அந்த அம்மம்மா சொல்லும் ஊர்க்கதை, காட்டுமருந்து, எந்த ஆண்டு எந்தக் குளம் உடைத்தது என்ற நினைவு ஆகியவை எழுதிவைக்கப்பட்டால், ஆவணங்கள் பெருமளவு அழிந்துபோன ஒரு பிரதேசத்தின் வரலாற்றுக்கு அவையே மூலங்களாகும்.

சுகாதாரத்தில் டெங்கு ஒழிப்பு தெளிவான எடுத்துக்காட்டு. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை போதும். வருடத்துக்கு ஒருமுறை பதாகையோடு நடத்தும் ஊர்வலத்தால் இந்தச் சுழற்சியை உடைக்க முடியாது. வாரந்தோறும் அதே நாளில் அதே வீட்டுத் தொட்டியையும் சிரட்டையையும் பூச்சாடித் தட்டையும் பார்த்துக் கவிழ்த்துவிடும் இரண்டு பிள்ளைகளால் முடியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் மட்டும் பெரிய பிரிவு முழுவதையும் வாரந்தோறும் சுற்றிவர இயலாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அனர்த்த காலத்திலும் இதே பழக்கம் கைகொடுக்கும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஊர்கள் பல நீரில் மூழ்கியபோது பாடசாலைகளே தங்குமிடங்களாயின. எந்த வீட்டில் படுக்கையில் கிடப்பவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதை ஏற்கனவே அறிந்த மாணவர் குழு உள்ள ஊரில், அந்த முதல் இரவு வேறு விதமாகக் கழியும்.

இனி, கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வி. புலம்பெயர்ந்த நம் உறவினரின் பிள்ளைகள் பலர் படிக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலச் சமூகப்பணி கட்டாயம். அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலம் 75 மணித்தியாலம் கேட்கிறது. அங்கே ஆயத்தம், செயல், பின்னர் சிந்தித்தல் ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கவேண்டும். இந்தியாவில் காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டு ஆண்டுகளில் 240 மணித்தியாலம் என்று வகுத்து, சேர்வதை மாணவரின் விருப்பத்துக்கு விட்டது. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, முன்னரே விருப்பம் குறைந்திருந்த மாணவர் கட்டாயத்தின் பேரில் தொண்டு செய்தபோது, பின்னாளில் தொண்டு செய்யும் எண்ணம் அவர்களிடம் மேலும் தேய்ந்ததைக் காட்டியது. எங்கள் சூழலில் கட்டாயம் தேவையில்லை என்பதே சரியான நிலைப்பாடாகப் படுகிறது. சாரணர், முதலுதவிப் படை, சுற்றாடல் முன்னோடிகள், மாணவர் பாராளுமன்றம் என்று விரும்பிச் சேரும் அமைப்புகள் பாடசாலைகளில் ஏற்கனவே இருக்கின்றன. மடுத் திருவிழாவிலும் வற்றாப்பளைப் பொங்கலிலும் கூடும் சனத்துக்கிடையில் தொண்டர் பணியின் அருமையைக் கண்டறியாதவர் வன்னியில் இல்லை. புதிய அமைப்பை உருவாக்குவதைவிட, இருப்பவற்றுக்கு ஆண்டு முழுவதும் செய்யத்தக்க வேலையைக் கொடுப்பதே மேல்.

தொண்டு என்ற பெயரில் நடப்பவை எல்லாம் தொண்டு ஆகிவிடுவதும் இல்லை. பிரமுகர் வருகைக்காகப் பிள்ளைகளை வெயிலில் மாலையோடு மணிக்கணக்கில் நிறுத்துவதையும், ஓர் அலுவலகத்தின் வளவைத் துப்புரவாக்க வகுப்பை அனுப்புவதையும் பாடசாலைகள் மறுத்துவிடப் பழக வேண்டும். ஆண்பிள்ளைகள் வெளிவேலைக்கும் பெண்பிள்ளைகள் தேநீர் பரிமாறவும் என்று பிரிப்பதும் இன்னும் ஒழியவில்லை. உதவி பெறும் முதியவரின் படத்தை முகநூலில் போடுவது, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், அவருடைய மானத்தின் மீது கைவைப்பதாகும். நிதி தரும் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் படம் கேட்பதை நிறுத்தினாலே இது பெருமளவு குறையும்.

தொண்டர் ஆசிரியரின் அனுபவத்தையும் மறந்துவிடக்கூடாது. மிகக் கடினமான காலத்தில் வகுப்பறைகளைத் தாங்கிய அவர்களிற் பலர் நிரந்தர நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து போராட நேர்ந்தது. அரசு நிரப்பவேண்டிய வெற்றிடத்தை இளையோரின் நல்ல மனத்தால் காலவரையறையின்றி நிரப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதிய பாடம். உயர்தர மாணவர் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் துணை நிற்கலாம். ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பொறுப்பேற்கக் கூடாது.

பாதுகாப்பு விடயத்தில் வன்னிக்கே உரிய ஒரு நிபந்தனை உண்டு. கண்ணிவெடி அகற்றும் பணி நீண்ட காலமாக நடந்துவந்தாலும், காட்டோரங்களிலும் கைவிடப்பட்ட வளவுகளிலும் வெடிக்காத பொருட்கள் வெளிப்படும் செய்திகள் நின்றுவிடவில்லை. ஆகவே சிரமதானத்துக்குரிய இடத்தை முன்னரே கிராம அலுவலர் ஊடாக உறுதிப்படுத்துவதும், இனங்காணாத பொருளைத் தொடாமல் விலகி அறிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் மாணவருக்குச் சொல்வதும் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். ஒருவர் தனியே எந்த வீட்டுக்கும் செல்லாமல் இருவர் இருவராகச் செல்வதும், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் இதே வகையின.

நேரம் பற்றிய பெற்றோரின் கவலையும் நியாயமானதே. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளி. வன்னி மாவட்டங்களுக்கு மாவட்ட ஒதுக்கீடும், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத மேலதிக ஒதுக்கீடும் இருந்தாலும், அந்த இடங்களுக்குள்ளும் போட்டி போட்டியேதான். பாடசாலை விட்டதும் ரியூசன், அதன் பின் வீட்டுவேலை என்று ஓடும் பிள்ளையிடம் கிழமைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கேட்பது முறையல்ல. தரம் 9, 10 மாணவரையும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்போரையும் மையமாக வைத்துத் திட்டமிட்டால் இந்த நெருக்கடி பெருமளவு தவிர்க்கப்படும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது தொடர்ச்சி. வன்னியின் கிராமப்புறப் பாடசாலைகளில் ஆசிரியர் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியா நகரிலிருந்தோ நாளாந்தம் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் வந்துபோகிறார்கள். சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுச் செல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரின் தோளில் மட்டும் நிற்கும் திட்டம் அவர் மாற்றலாகும் நாளிலேயே விழுந்துவிடும். ஊரிலேயே இருப்பவர்கள் பெற்றோரும் பழைய மாணவரும் கமக்காரர் அமைப்பும் முதியோர் சங்கமும் சனசமூக நிலையமும்தான். 2006 முதல் நடைமுறைக்கு வந்த பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் பாடசாலைத் தீர்மானங்களில் இடம் தந்திருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் உண்டு. கட்டட நிதி, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா ஆகியவற்றோடு நின்றுவிடும் அக்கூட்டங்களில் இவ்விடயத்துக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் இடம் ஒதுக்கலாம்.

அக்கூட்டத்தில் முதலில் பேசவேண்டியவர்கள் ஊரவர். தங்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று அவர்கள் சொன்ன பின்னரே மாணவரால் எது இயலும் என்பதைப் பாடசாலை சொல்ல வேண்டும். மாணவர் பிரதிநிதிகள் இருவரேனும் அங்கே அமர்ந்திருக்க வேண்டும். எந்த வேலை, எந்த நாள், எவ்வளவு நேரம், ஊர் சார்பில் பொறுப்பாளர் யார், எந்தப் பாடத்தோடு இணைகிறது, மாணவருக்கு ஊர் கற்றுத்தரப்போவது என்ன என்பவை சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் தெளிவாக எழுதப்பட்டு இரு தரப்பும் ஒப்பமிட்டால், அடுத்த ஆண்டு புதிதாக வரும் அதிபர் கந்தோரில் அமர்ந்து அதை வாசித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.